நாய் நம்முடையது, அதன் அசுத்தம் யாருடையது?

சம்பள உயர்வு, போனஸ், வேலை நேரம், வைத்திய வசதி ஆகியவற்றைப் பற்றியே எழுதிவரும் இந்தப் பக்கத்தில், இன்று நாயின் மலத்தைப் பற்றி எழுத முற்பட்டிருக்கிறோம். சிரிப்பவர்கள் சிரிக்கலாம்; முகம் சுளிப்பவர்கள் சுளிக்கலாம். முடிவு வரை பொறுமையாகப் படிப்பவர்களுக்கு, இதுவும் ஒரு தொழிலாளர் பிரச்சினையே என்பது விளங்காமற் போகாது.

அண்மையில் ஜொகூர்த் தோட்டமொன்றைச் சேர்ந்த அன்பர் ஒருவர், சிங்கப்பூரில் வேலை செய்யும் தம் மகனைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். தேக்காவில் பூ வாங்கியதையும், வீரமாகாளியம்மன் கோயிலில் கும்பிட்டதையும் சொல்லிவிட்டு, கடைசியாக ஓர் அதிசயத்தைச் சொன்னார். அடுக்குமாடி வீட்டின் கீழே ஒரு மாது சிறு நாய் ஒன்றை நடத்திக்கொண்டு போனாராம். நாய் புல்லோரம் உட்கார்ந்தது. அந்த அம்மாள் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துக் கையில் மாட்டிக்கொண்டு, குனிந்து, மலத்தை அள்ளி, உறையைத் திருப்பி முடிச்சுப் போட்டுக் குப்பைத் தொட்டியில் போட்டாராம்.

“பார்த்தால் பெரிய உத்தியோகத்தில் இருப்பவர் மாதிரி இருந்தது. அவர் போய் நாய் மலத்தை அள்ளுவதா?” என்று வியந்தார் அன்பர்.

“அவர் அள்ளாவிட்டால் வேறு யார் அள்ளுவார்?” என்று கேட்டோம்.

“கூட்டுகிற ஆள்தான்.”

“அந்தக் கூட்டுகிற ஆள் யார்?”

அன்பர் பதில் சொல்லவில்லை. அவருடைய மகன் அங்கே பார்ப்பதே ஒரு துப்புரவுக் குத்தகைக்காரரிடத்து வேலைதான்.

அந்த மௌனத்திலிருந்து எழுந்ததே இந்தக் கட்டுரை.

குனிகிற முதுகு யாருடையது?

நாய் வளர்ப்பதை நாம் குறை கூறவில்லை. தோட்டத்தில் நாய் இல்லாத லயம் ஏது? இருட்டு விலகுமுன் மரம் வெட்டப் போகிறவனுக்கு முன்னால் ஓடிப் பாம்பைக் கண்டு குரைப்பதும் நாய்தான். காட்டோரத் தோட்டங்களில் பன்றி வருவதை முதலில் அறிவதும் அதுதான். கிராணிமார் வீட்டிலும் நாய் உண்டு. துரை பங்களாவிலும் நாய் உண்டு. நாய்க்குச் சோறு போடுகிறவன் அதன் நன்றியைப் பெறுகிறான், காவலைப் பெறுகிறான். நியாயந்தான். ஆனால் அதன் மலத்தை மட்டும் இன்னொருவன் பெற்றுக்கொள்ள வேண்டுமா?

வாசலில் கிடக்கும் அசுத்தம் தானாக எழுந்து போவதில்லை. யாரோ ஒருவர் குனிந்தே தீர வேண்டும். நாய்க்குச் சொந்தக்காரர் குனியாவிட்டால், லயம் கூட்டுகிறவர் குனிகிறார். பட்டணமாக இருந்தால் நகரத் துப்புரவுத் தொழிலாளி குனிகிறார். அவரும் குனியாவிட்டால், ஒன்றும் அறியாத குழந்தை அதில் கால் வைக்கிறது.

சிங்கப்பூரில் இப்படிக் குனிந்த முதுகுகளின் கதை நமக்கு அந்நியமானதன்று. பழைய நகராட்சியின் காலத்தில் சாலை போட்டவர்களிலும், சாக்கடை தோண்டியவர்களிலும், தெருக் கூட்டியவர்களிலும் நம்மவர்கள் ஏராளம். வீடுகளின் பின்புறம் மலவாளி வைத்து, அதை ஆட்கள் வந்து எடுத்துச் செல்லும் வழக்கமும் அந்நகரில் நெடுங்காலம் இருந்தது. வானளாவிய கட்டடங்கள் எழுந்த பிறகும் அது முற்றாக ஒழியவில்லை. 1987ஆம் ஆண்டு ஜனவரியில்தான் அந்த வாளி முறை முடிவுக்கு வந்தது. தாய்நாடான இந்தியாவிலோ, மனிதன் மலத்தை மனிதன் அள்ளும் கொடுமையை ஒழிக்க 1993ல் ஒரு சட்டமும், அது போதாதென்று 2013ல் மற்றொரு சட்டமும் இயற்ற வேண்டியதாயிற்று. சட்டங்கள் வந்த பின்னும் சாக்கடைக் குழிகளில் இறங்கி உயிர் விடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது வெட்கக்கேடு.

இவற்றையெல்லாம் கண்டித்து மேடையில் பேசுகிறோம், கைதட்டுகிறோம். வீட்டுக்குத் திரும்பும்போது, நம் நாய் அடுத்த வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனதைப் பார்த்தும் பாராதவர் போல் நடக்கிறோம். “கூட்டுகிறவர் காலையில் வருவார்” என்று மனத்துக்குச் சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். தனக்குக் கீழே ஒருவன் இருக்கிறான் என்ற நினைப்பல்லவா இது! முதலாளியிடம் எந்த நினைப்பை எதிர்க்கிறோமோ, அதே நினைப்பை நம் வாசலில் நாமே வளர்க்கலாமா?

காலின் வழியே ஏறும் புழு

மரியாதை ஒருபுறம் இருக்கட்டும். இரத்தத்தைப் பற்றிச் சொல்கிறோம்.

நம் பாட்டன்மார் தோட்டங்களுக்கு வந்த காலத்தில், வெளிறிய முகமும், ஊதிய காலும், நாலு மரம் வெட்டுவதற்குள் மேல்மூச்சு வாங்கும் நெஞ்சுமாக எத்தனையோ பேர் இருந்தனர். “சோம்பேறிகள்” என்று மேலதிகாரிகள் அவர்களை ஏசினர். 1915 முதல் 1917 வரை ராக்பெல்லர் நிறுவனம் அனுப்பிய மருத்துவக் குழு ஒன்று, டாக்டர் சாமுவேல் டார்லிங் தலைமையில் மலாயா, ஜாவா, பிஜி ஆகிய இடங்களில் ஆராய்ந்தது. சோம்பல் என்று சொல்லப்பட்டதில் பெரும்பகுதி மலேரியாவும் கொக்கிப்புழுவும் என்பதை அத்தகைய ஆராய்ச்சிகளே உலகுக்கு எடுத்துக் காட்டின. தொழிலாளியின் குடலில் தொங்கிக்கொண்டு அவன் இரத்தத்தைக் குடித்தது ஒரு சிறு புழு. ஏச்சு வாங்கியது அவன்.

அந்தப் புழு எப்படி உடம்பில் ஏறுகிறது? வாயின் வழியாக அல்ல. பெரும்பாலும் காலின் வழியாக. மலத்தோடு வெளியான முட்டை, ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் ஓரிரு நாளில் பொரிக்கிறது. ஒரு வாரம் பத்து நாளில் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுப்புழு, மனிதத் தோலைத் துளைக்கும் வல்லமை பெற்றுவிடுகிறது. வெறுங்காலோடு ஒருவன் அந்த மண்ணை மிதித்தால் தோலைத் துளைத்து இரத்தத்தில் கலந்து, நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, எச்சிலோடு விழுங்கப்பட்டுக் குடலில் குடியேறுகிறது. ஈரம், நிழல், வெறுங்கால்: ரப்பர்த் தோட்டத்தை இதைவிடச் சுருக்கமாக வருணிக்க முடியுமா?

அந்நாளில் தோட்டங்களில் பரவிக் கிடந்த கொக்கிப்புழு மனிதன் மலத்திலிருந்து வந்தது. கக்கூஸ் கட்டினார்கள், மருந்து கொடுத்தார்கள், காலில் செருப்பு ஏறிற்று, நோய் குறைந்தது. அந்த வழி பெரும்பாலும் அடைபட்டது. ஆனால் நாயின் வழி இன்னும் திறந்தே கிடக்கிறது.

நாய்க்கும் பூனைக்கும் வரும் கொக்கிப்புழுக்கள் உண்டு. அவற்றில் ஒன்றுக்கு இலங்கையின் பெயரையே வைத்திருக்கிறார்கள். ‘அங்கைலோஸ்டோமா சிலானிகம்’ என்பது அதன் சாஸ்திரப் பெயர். இது நாயின் குடலில் வாழ்வது. மனிதன் குடலிலும் வளர்ந்து இரத்தம் குடிக்கவல்லது. மலேசியக் கிராமப்புறங்களில் நடத்தி 2012ல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றில், கொக்கிப்புழு உள்ளவர்கள் என்று கண்டவர்களை மேலும் சோதித்தபோது, ஏறக்குறைய நாலில் ஒரு பங்கினரிடம் இருந்தது இந்தப் புழு. அங்கே வளர்ந்த நாய் பூனைகளிடமும் இதே புழு இருந்தது. நாயின் மற்றொரு வகைக் கொக்கிப்புழு, மனிதன் தோலுக்குள் நுழைந்துவிட்டு வழி தெரியாமல் தோலுக்கடியிலேயே ஊர்ந்து திரிகிறது. காலிலும் பிட்டத்திலும் சிவந்த கோடு நாளுக்கு நாள் நெளிந்து நீள்வதும், இரவெல்லாம் அரிப்பெடுப்பதும் அதன் அடையாளங்கள்.

இவையன்றி உருண்டைப் புழுவும் உண்டு. நாய்க்குட்டிகள் தாயின் வயிற்றிலிருக்கும்போதே அதைப் பெற்றுவிடுகின்றன. அதன் முட்டை மண்ணில் இரண்டு முதல் நாலு வாரத்தில் நோய் உண்டாக்கும் பக்குவம் அடைகிறது. பிறகு ஆண்டுக்கணக்கில் அழியாமல் கிடக்கும். மண்ணில் விளையாடிய கையை வாயில் வைக்கும் குழந்தையின் உடலில் புகுந்தால், ஈரலுக்கும் நுரையீரலுக்கும் போகலாம். அரிதாகக் கண்ணுக்கே சென்று பார்வையைக் கெடுத்ததும் உண்டு.

இந்த விவரங்களைச் சொல்வது பயமுறுத்துவதற்காக அல்ல. இவற்றுள்ளேயே பரிகாரமும் இருக்கிறது. புழுவுக்கு நாட்கள் வேண்டும். அந்த நாட்களை நாம் கொடுக்காவிட்டால் போதும். அன்று விழுந்ததை அன்றே அள்ளிவிட்டால், முட்டை மண்ணில் பொரித்துப் பக்குவம் அடைவதற்கே வழியில்லை. ஒரு வாரம் கிடந்து, மழையில் கரைந்து, கண்ணுக்கு மறைந்த பிறகுதான் அது அபாயமாகிறது. “மழை வந்தால் போய்விடும்” என்பார்கள். மழை எடுத்துப் போவது நாற்றத்தை மட்டுமே. புழுவுக்கு வேண்டிய ஈரத்தை அதுவே கொடுத்துவிட்டுப் போகிறது.

தேக்காவின் பாடம்

மழைத் தண்ணீர் எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். அதற்குத் தேக்காவே நல்ல பாடம்.

இன்று தங்கக் கடையும் பலசரக்குக் கடையும் நிறைந்த சிராங்கூன் சாலை வட்டாரம், ஒரு காலத்தில் மாடுகளின் இராஜ்யம். கண்டாங் கெர்பாவ் என்ற மலாய்ப் பெயருக்கு எருமைத் தொழுவம் என்று பொருள். பஃபலோ ரோடும் கெர்பாவ் ரோடும் இன்றும் அந்தப் பெயரைச் சுமந்து நிற்கின்றன. புல்லும் தண்ணீரும் கிடைத்ததால் மாட்டு வியாபாரம் அங்கே செழித்தது. பால்காரர்களிலும் வண்டிக்காரர்களிலும் நம்மவர் பலர். சனம் பெருகப் பெருக, தொழுவமும் வீடும் ஒரே இடத்தில் இருக்க முடியாது என்ற நிலை வந்தது. சாணமும் மூத்திரமும் வாய்க்காலில் கலப்பதைப் பொறுக்க முடியாமற் போயிற்று. சுகாதார விதிகள் இறுகின, மாடுகள் வெளியேறின. பிழைப்பைத் தந்த மாடாயினும், அதன் கழிவு பொதுத் தண்ணீரில் கலக்கலாகாது என்று நகரம் முடிவு செய்தது.

அந்த வாய்க்கால் இன்றும் இருக்கிறது. ரோச்சோர் கால்வாய் என்பது அதன் பெயர். தேக்காவின் சந்து பொந்துகளில் விழும் மழைநீர் அதில் சேர்ந்து காலாங் நீர்ப்பரப்பை அடைகிறது. முன்பு அங்கிருந்து கடலுக்குப் போய்விடும். 2008ல் மரினா அணைக்கட்டு திறந்த பிறகு கடலுக்கு ஓடுவது தடைபட்டு, நகரின் நடுவே குடிநீர்த் தேக்கமாயிற்று. சிங்கப்பூர் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு இன்று மழைநீர் பிடிக்கும் பகுதி. ஆகவே சந்தர் ரோட்டில் ஒருவர் அள்ளாமல் விட்ட நாய் மலம், அடுத்த மழையில், அவர் குடிக்கும் தண்ணீரின் ஏரியை நோக்கிப் பயணம் புறப்படுகிறது. சுத்திகரித்த பிறகே குழாய்க்கு வருவதால் அங்கே பயமில்லை. ஆனால் நம் லயத்துக் கோடியில் ஓடும் சாக்கடைக்கு எந்தச் சுத்திகரிப்பு? அது போய்ச் சேரும் ஓடையில்தான் பிள்ளைகள் குளிக்கிறார்கள், மீன் பிடிக்கிறார்கள்.

தேக்காவில் இன்னொரு காட்சியும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மாலை அங்கே போனவர்கள் கண்டிருப்பார்கள். தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் கட்டட வேலைக்கும் கப்பல் பட்டறைக்கும் வந்த ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் கூடுகிறார்கள். வாரமெல்லாம் வெயிலில் வெந்தவர்கள், காசு செலவழித்துக் கடையில் உட்கார மனமில்லாமல், புல்தரையில் செய்தித்தாளை விரித்து அமர்கிறார்கள்; பொட்டலச் சோற்றைப் பிரிக்கிறார்கள்; ஊருக்குத் தொலைபேசியில் பேசுகிறார்கள். பெண்டாட்டி பிள்ளை இல்லாத அந்நிய நாட்டில் அந்தப் புல்தரைதான் அவர்களுக்கு வாசல், திண்ணை, கூடம் எல்லாம். அதில் ஒருவர் தம் நாயை விட்டுவிட்டு அள்ளாமல் போனால், அவர் அசுத்தப்படுத்தியது வெறும் புல்லையா? சொந்த வாசல் இல்லாத ஒரு தொழிலாளியின் வாரத்தில் ஒரு மாலையை அல்லவா!

அபராதம் போதுமா?

சிங்கப்பூர் இதைச் சட்டத்தால் கட்டியிருக்கிறது. 1968ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி, அந்நாள் பிரதமர் லீ குவான் இயூ நகரத் தூய்மை இயக்கத்தைத் தொடக்கி வைத்தார். பொதுச் சுகாதாரச் சட்டமும் அவ்வாண்டிலேயே வந்தது. இன்று நாய்க்கு உரிமம் வேண்டும். வீடமைப்புக் கழகத்தின் அடுக்குமாடி வீட்டில், அனுமதி பெற்ற சிறு இனத்து நாய் ஒன்றுதான் வளர்க்கலாம். பொது இடத்தில் நாய் வைத்ததை அள்ளாமற் போனால் முதல் தடவைக்கே 1,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். நாய்களைக் கட்டுப்படுத்தியதன் பலன் வேறு விதத்திலும் தெரிகிறது. 1953க்குப் பிறகு அந்தத் தீவில் வெறிநாய்க்கடி நோய் இல்லை. மலேசியாவிலோ, ஒழிந்ததென்று 2013ல் அறிவிக்கப்பட்ட அந்த நோய் 2015ல் வட மாநிலங்களிலும், 2017ல் சரவாக்கிலும் திரும்பத் தலைகாட்டியது.

ஆனால் அபராதத்தாலேயே ஒரு நகரம் சுத்தமாகிவிடும் என்று நாம் நம்பவில்லை. அதிகாரி இல்லாத நேரத்தில் அபராதமும் இல்லை. சுத்தமான நகரத்துக்குப் பின்னால் விடியற்காலையில் துடைப்பம் எடுக்கும் கைகள் இருக்கின்றன. அந்தக் கைகளுக்கு நெடுங்காலம் கிடைத்த கூலி மிகவும் சொற்பம். குத்தகைக்காரர்கள் ஒருவரோடொருவர் போட்டியிட்டு விலையைக் குறைக்க, தொழிலாளியின் சம்பளம் தேய்ந்தது. தொழிற்சங்கமும், முதலாளிகளும், அரசாங்கமும் உட்கார்ந்து பேசி, 2014ல் துப்புரவுக் கம்பெனிகளுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கி, அடிப்படைச் சம்பளம் 1,000 வெள்ளிக்குக் குறையலாகாது என்று வைத்தார்கள். அதன் பின் அது படிப்படியாக ஏறி வருகிறது. துடைப்பத்துக்கும் ஒரு சம்பளப் படிக்கட்டு வேண்டும் என்பதைச் சங்கங்கள் நிலைநாட்டியது நமக்குப் பெருமை.

ரப்பர் அதிபர் லிம் நீ சூன் பெயரைத் தாங்கிய நீ சூன் வட்டாரத்தில் மற்றொரு சோதனையும் செய்து பார்த்தார்கள். முன்பு ரப்பரும் அன்னாசியும் வளர்ந்த அந்த மண்ணில் இன்று அடுக்குமாடி வீடுகள். அங்கே துப்புரவாளர்களுக்கு ஒரு நாள் ஓய்வு கொடுத்து, அன்றைய குப்பையைக் குடியிருப்பவர்களே பார்க்கும்படி, பொறுக்கும்படி விட்டார்கள். நமக்கு இந்த யோசனை மிகவும் பிடித்திருக்கிறது. ஒரு தோட்டத்தில் ஒரே ஒரு நாள், லயம் கூட்டுகிறவர் துடைப்பத்தைக் கீழே வைக்கட்டும். அன்று மாலைக்குள் யார் வீட்டு நாய் யார் வாசலில் என்ன செய்தது என்ற கணக்கு, கிராணி எழுதாமலே வெளிப்பட்டுவிடும்.

சாக்குப்போக்குகள்

“முதலாளி செய்ய வேண்டியதை நம் தலையில் கட்டுகிறீர்களே!” என்று தோழர் சிலர் கேட்பார்கள். நல்ல கேள்வி. குடியிருப்பையும் அதன் சுற்றுப்புறத்தையும் சுகாதாரமாக வைத்திருப்பது மலேசியச் சட்டப்படி முதலாளியின் பொறுப்பு. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்புச் சட்டம் அதைத் தெளிவாகச் சொல்கிறது. உடைந்த சாக்கடை, அள்ளாத குப்பை, வராத தண்ணீர் ஆகியவற்றுக்காக நாம் போராடுகிறோம், இனியும் போராடுவோம். “தொழிலாளிக்குச் சுத்தம் தெரியாது, அவனுக்கு எதற்கு வசதி?” என்ற பழைய பாட்டைப் பாடுகிறவர்களுக்கு நாம் ஒருபோதும் தாளம் போடமாட்டோம். ஆனால் நாயை வளர்ப்பது முதலாளி அல்ல, நாம். நம் பங்கை நாம் செய்துவிட்டு, அவர் பங்கைக் கேட்கும்போது நம் குரலுக்குக் கனம் கூடும். பரிசோதனைக்கு வரும் சுகாதார அதிகாரியிடம், உடைந்த சாக்கடையைக் காட்டும் நம் விரல், நாய் அசுத்தத்தைத் தாண்டிக்கொண்டு போக வேண்டியிருந்தால், முதலாளி அதையல்லவா முதலில் சுட்டிக் காட்டுவார்!

“சாணம் தெளித்த வாசல்தானே நம்முடையது, நாய் மலத்தால் என்ன கெட்டுப்போகும்?” என்பார் மற்றொருவர். மாடு புல் தின்பது. நாய் ஊன் தின்பது. இரண்டின் குடலும் ஒன்றல்ல. அவற்றின் புழுவும் ஒன்றல்ல. “உரமாகட்டும்” என்று கீரைப் பாத்தியில் தள்ளுவதும் தவறு. சமைக்கிற கீரையில் அதைக் கலக்க எந்தத் தாயும் சம்மதிக்கமாட்டாள்.

“அது என் நாய் அல்ல, தோட்டத்து நாய்” என்பது எல்லாவற்றிலும் பெரிய சாக்கு. மிச்சச் சோறு வைக்கும்போது அது எல்லாருக்கும் சொந்தம். மலம் வைக்கும்போது யாருக்குமே சொந்தமில்லை! சிங்கப்பூரில் புக்கிட் பாத்தோக் ரயில் நிலையத்தருகே 2014 டிசம்பரில் ஒரு குன்று முழுவதும் எலிகள் பெருகிக் கிடந்ததைப் பத்திரிகைகள் எழுதின. தெரு நாய்களுக்கென்று வைத்து மிஞ்சிய உணவே காரணம் என்று சொல்லப்பட்டது. கருணை நல்லதே. சோறு வைக்கிற கை, மிச்சத்தையும் மலத்தையும் எடுக்கிற கையாகவும் இருந்தால்தான் அது முழுக் கருணை.

அண்டை வீட்டாரையும் நினைக்க வேண்டும். தோட்டத்திலும் சரி, சிங்கப்பூர் அடுக்குமாடியிலும் சரி, நமக்கு அடுத்த வாசலில் இருப்பவர் ஒரு மலாய்ச் சகோதரராக இருக்கலாம். நாயின் ஈரம் பட்டால், ஒரு முறை மண் கலந்த நீராலும் ஆறு முறை தூய நீராலுமாக ஏழு முறை கழுவ வேண்டும் என்பது அவர்கள் மார்க்க வழக்கம். நமக்கு ஒரு நிமிடச் சோம்பல். அவருக்குத் தொழுகைக்குப் போகும் நேரத்தில் ஏழு முறைக் கழுவல். இன ஒற்றுமையைப் பற்றி நாம் நிறைவேற்றும் தீர்மானங்களைவிட, அவர் வாசலில் நம் நாய் வைத்ததை அவர் காணுமுன் நாம் அள்ளிவிடுவது ஒற்றுமையை அதிகம் வளர்க்கும்.

செய்ய வேண்டியது

வேலை பெரிதல்ல. பெரட்டுக்குப் போகுமுன் ஒரு முறையும், அந்திக்குள் ஒரு முறையும் வாசலைச் சுற்றிப் பார்த்தால் போதும். வெறுங்கையால் தொடாமல், பழைய உறையைக் கையில் மாட்டியோ, தகரத்தாலோ மண்வெட்டியாலோ அள்ளுங்கள். குப்பை வண்டி வரும் இடத்தில் உறையில் கட்டித் தொட்டியில் போடுங்கள். வண்டி வராத இடத்தில், கிணற்றுக்கும் ஓடைக்கும் கீரைப் பாத்திக்கும் எட்டத்தில், ஒரு முழத்துக்கு மேல் குழி தோண்டிப் புதைத்து மண்ணை இறுக்குங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். குழந்தைகள் காலில் செருப்பு இருக்கட்டும். நாய்க்கும் குட்டிக்கும் மிருக வைத்தியர் சொல்லும் காலத்தில் பூச்சி மருந்து கொடுங்கள். வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள். உடம்பு வெளிறி மூச்சு வாங்கினாலும், தோலில் சிவந்த கோடு ஊர்ந்தாலும் நாள் கடத்தாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இவற்றுக்கு மருந்து இருக்கிறது.

கிராணிமாருக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டு நாய் வைத்ததை அள்ள, தோட்டத்துச் சம்பளம் வாங்கும் கூட்டுகிறவரை அழைக்காதீர்கள். அது அவருடைய வேலைப் பட்டியலில் இல்லை, இருக்கவும் கூடாது. நீங்களே குனிந்து அள்ளும் அந்தக் காட்சியைத் தோட்டத்துப் பிள்ளைகள் பத்துப் பேர் பார்த்தால், நம் கட்டுரைகள் பத்து செய்ய முடியாததை அது செய்துவிடும். கிளைத் தலைவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் இதைப் பேசத் தயங்காதீர்கள். ஒரு மண்வெட்டியும் மூடியுள்ள தொட்டியும் லயத்துக்கு லயம் வைக்கும்படி நிர்வாகத்திடம் கேளுங்கள். கொடுத்தால் பயன்படுத்துவோம், கொடுக்கும்வரை நம் பழைய தகரம் இருக்கிறது.

சிங்கப்பூரைப் பார்த்து மலைத்த அன்பரிடம் பிறகு ஒரு நாள் பேசினோம். மகனிடம் தொலைபேசியில் கேட்டாராம்: “தம்பி, நீ நாய் அசுத்தமும் அள்ளுகிறாயா?” மகன் சிரித்துவிட்டு, “சில நாள் அதிகம், சில நாள் குறைவுப்பா. சொந்தக்காரர் அள்ளினால் எனக்குக் குறைவு” என்றானாம்.

அன்று முதல் அன்பர் வீட்டுக் கறுப்பு நாயின் பின்னால், மாலையில், ஒரு தகரமும் போகிறது. அள்ளுவது நாய் மலந்தான். ஆனால் எங்கோ ஒரு பட்டணத்தில் தம் மகனுடைய முதுகு ஒரு முறை குறைவாகக் குனிய வேண்டும் என்று விரும்புகிற தகப்பன், தம் லயத்தில் கூட்டுகிறவரின் முதுகையும் அவ்வாறே நினைக்கத் தொடங்கிவிட்டார். சங்கம் என்பதன் பொருளே அதுதான்.

நாய் நம்முடையது. வாசல் நம்முடையது. குனிகிற முதுகும் நம்முடையதாகவே இருக்கட்டும்.